மூன்றாம் மணி நேரத்து முட்டிக்கவசம்

ஆயர் குரோவில் சைக்கிள் மிதிப்பவர்களுக்குப் பாதைகளுக்குப் பஞ்சமில்லை. தாவரவியல் பூங்காவின் மரநிழலில் இரண்டு சுற்று வந்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். டுரியான் துங்கால் வழியாக வெளியேறி, செலாண்டார், அசாஹான் என்று தோட்டப் பாதைகளிலேயே மூன்று நான்கு மணி நேரம் மிதித்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டாம் கூட்டத்துக்காகத்தான் இன்றைய பேச்சு. தே தாரிக் சூடாக இருக்கிறது, ஆறட்டும். நாம் ஒவ்வொரு படியாகப் போவோம்.

பேசப்போவது முட்டிக்கவசத்தைப் பற்றி. கடையில் நீ பேட் என்று கேட்டு வாங்குவோமே, அது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஜம்போரிகளில் தலைக்கவசம் இல்லாதவரைப் பார்ப்பது அரிது. கையுறையும் பெரும்பாலோரிடம் இருக்கும். முட்டிக்கவசம் மட்டும் பலருக்குக் கைப்பிடியில் தொங்கும், அல்லது முதல் தண்ணீர் நிறுத்தத்திலேயே பைக்குள் போய்விடும். கேட்டால் வரும் பதில்கள் மூன்று: சூடு தாங்கவில்லை, உரசுகிறது, இறங்கி இறங்கிப் போகிறது. இவற்றைச் சாக்கு என்று தள்ளிவிட வேண்டாம். பொருந்தாத கவசத்தை வாங்கியவர் தன் அனுபவத்தைத்தான் சொல்கிறார். பொருந்துவதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

முதலில் நம் தரையைப் பார்த்துவிடுவோம். மலாக்கா மாநிலத்துத் தோட்டப் பாதைகளில் பெரும்பாலானவை செம்மண் சாலைகள். அந்தச் செம்மண்ணுக்குள் இரும்புச்சத்து இறுகிக் கல்லான உருண்டைகள் கிடக்கும். செம்பூரான் கல் என்று சொல்வோமே, அதன் சில்லுகள். 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர் எழுப்பிய ஏ ஃபமோசா கோட்டைச் சுவரில் இருப்பதும் இந்தக் கல்தான். வெயில் நாளில் அந்த உருண்டைகள் சக்கரத்தின் கீழ் உருளும். மழை பெய்துவிட்டால் மேல்மண் வழுக்கும், அடியில் கல் அப்படியே இருக்கும். வளைவில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி சட்டென்று பக்கவாட்டில் சாய்கிறது. முதலில் தரையைத் தொடுவது பெரும்பாலும் முழங்காலும் உள்ளங்கையும்தான்.

செம்பனைக் காட்டுக்குள் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. வெட்டிப்போட்ட மட்டைகளை மரவரிசைகளுக்கு நடுவே அடுக்கி வைத்திருப்பார்கள். மட்டையின் அடிப்பகுதியில் இரண்டு ஓரமும் முள். அதன்மேல் முழங்காலை ஊன்றி விழுந்தால் முள் குத்தி உள்ளேயே முறியலாம். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும் காயத்துக்குள் முள்ளின் நுனி மூட்டுக்கு உள்ளே தங்கிவிட்டால், வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் மூட்டு வீங்கி வீங்கி வடியும். பனை வகை முள்ளால் வரும் இந்த மூட்டழற்சியை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். தோட்டத்தில் குலை வெட்டிய பெரியவர்களும் அறிவார்கள். முள் குத்திய முழங்கால் பிறகு வீங்கினால், முள் குத்திய விஷயத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

முழங்காலின் முன்புறத்தில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே தசை என்று எதுவும் கிடையாது. இடது கையை முழங்கால் சில்லின் மேல் வைத்து அசைத்துப் பாருங்கள். தோல் மட்டும் வழுக்கி நகரும். அந்த வழுக்கலுக்காகவே சில்லுக்கும் தோலுக்கும் இடையில் ஒரு மெல்லிய நீர்ப்பை இருக்கிறது. ஆழமான சிராய்ப்பு அந்த நீர்ப்பை வரை போனால், உள்ளே போன மண் அங்கேயே தங்கிச் சீழ் பிடிக்கும். நம் ஊர்ச் சேற்றில் எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலின் கிருமியும் இருக்கலாம்; அது நுழைவதற்குத் தோலில் ஒரு சிறு கீறல் போதும். 2000-ஆம் ஆண்டு சபாவில் நடந்த ஈகோ சேலஞ்ச் சாகசப் பந்தயத்தில், பல நாடுகளிலிருந்து வந்த வீரர்களிடையே இந்தக் காய்ச்சல் கூட்டமாகப் பரவியது. அங்கே ஆற்றில் நீந்தியதுதான் முதன்மைக் காரணம் என்று தெரிந்தது. கவசம் போட்டால் கிருமி வராது என்று சொல்ல முடியாது. ஆனால் கிருமிக்குத் திறக்கும் கதவுகள் குறையும்.

ஆக, முட்டிக்கவசம் தேவை. இனி எதை வாங்குவது என்று பார்ப்போம். இங்கேதான் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே இடத்தில் தடுக்குகிறோம். கடையில் இரண்டு கவசங்களைக் கையில் எடுக்கிறோம். ஒன்று தடிமனாக, கெட்டியாக இருக்கிறது. இன்னொன்று மெல்லிசாக, வளைந்து கொடுக்கிறது. தடிமனானது காக்கும், மெல்லியது சொகுசுக்கு என்று மனம் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. பாதுகாப்பு வேண்டுமென்றால் கொஞ்சம் கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது நமக்குப் பழகிப்போன எண்ணம். அந்த எண்ணம் இந்த விஷயத்தில் தவறு. ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

விழும்போது முழங்காலிடம் ஓர் ஆற்றல் இருக்கிறது. தரையில் அது நின்றே ஆக வேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதுதான் கேள்வி. கணக்கு எளிது: ஆற்றலைத் தூரத்தால் வகுத்தால் சராசரி விசை கிடைக்கும். 5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் சுமார் 50 ஜூல் ஆற்றல். அது 2 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால் சராசரி விசை 25,000 நியூட்டன், அதாவது சுமார் இரண்டரை டன் எடை உட்கார்ந்ததற்குச் சமம். அதே எடை 10 மில்லிமீட்டர் தூரத்தில் மெல்ல நின்றால் 5,000 நியூட்டன், அரை டன். விழுந்தது ஒன்றுதான், எலும்புக்குப் போய்ச்சேரும் அடி ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது.

அப்படியானால் தடிமன்தானே நல்லது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தடிமன் இருந்தால் போதாது, அந்தத் தடிமன் முழுவதும் வேலை செய்ய வேண்டும். சாதாரணப் பஞ்சு போன்ற நுரை 20 மில்லிமீட்டர் இருந்தாலும், அடி விழுந்ததும் முதல் 15 மில்லிமீட்டர் எதிர்ப்பே காட்டாமல் அமுங்கிவிடும். மிச்சம் இருக்கிற கொஞ்சத்தில் அத்தனை ஆற்றலும் நின்றாக வேண்டும். மிகக் கெட்டியான நுரைக்கு நேரெதிர்ப் பிரச்சினை. அது அமுங்குவதே இல்லை. ஆகவே தூரமும் கிடைப்பதில்லை, அடி நேராக எலும்புக்குப் போகிறது. நமக்கு வேண்டியது, அடி விழும் அந்த நொடியில் முதல் மில்லிமீட்டரிலிருந்து கடைசி மில்லிமீட்டர் வரை ஒரே அளவாக எதிர்த்து நிற்கும் பொருள். அது மிதிக்கும்போது வளைந்தும் கொடுக்க வேண்டும்.

அப்படியொரு பொருள் எப்படி இருக்க முடியும்? அடுக்களையிலேயே பார்த்துவிடலாம். ஒரு கிண்ணத்தில் இரண்டு பங்கு சோளமாவு போட்டு, ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். விரலை மெதுவாக விட்டால் கஞ்சிக்குள் போவதுபோல் உள்ளே போகும். அதே கலவையை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தால் கை மேலேயே நின்றுவிடும், கலவை கட்டியாகி எதிர்க்கும். கையை எடுத்ததும் மறுபடி இளகி ஓடும். மெதுவாகத் தொட்டால் இளக்கம், வேகமாக அடித்தால் இறுக்கம். இன்றைய நல்ல முட்டிக்கவசங்களுக்குள் இருக்கும் நுரையும் இந்தக் குணத்தைக் கொண்டதுதான். மிதிக்கும் வேகத்துக்கு அது இளகும், விழும் வேகத்துக்கு இறுகும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைச் செய்து காட்டுங்கள். கவசம் எப்படி வேலை செய்கிறது என்பது ஒரு நிமிடத்தில் அவர்களுக்குப் புரிந்துவிடும்.

இந்த வகைப் பொருள்களில் அதிகம் பேர் கேள்விப்பட்டது டி3ஓ. பிரிட்டனின் ரிச்சர்ட் பாமர் 1999-இல் இதன் வேலையைத் தொடங்கினார். பனிச்சறுக்கில் விழுந்து எழும் வீரர்களுக்கு, உடலோடு வளையும் காப்பு வேண்டும் என்பதுதான் நோக்கம். 2006 குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்க, கனடியப் பனிச்சறுக்கு வீரர்களின் உடைகளுக்குள் அது இருந்தது. இன்று சாஸ்டெக், போரான் என்று வேறு பெயர்களிலும் இதே குணமுள்ள நுரைகள் வருகின்றன. கவசத்தின் உள்பையைத் திறந்து பார்த்தால் ஆரஞ்சு, மஞ்சள், கறுப்பு என்று ஏதோ ஒரு நிறத்தில், தேன்கூட்டு வடிவத்திலோ பள்ளம் பள்ளமாகவோ வார்த்த ஒரு துண்டு இருக்கும். விரலால் அமுக்கினால் மெதுவாக உள்வாங்கி, மெதுவாகவே மீண்டும் மேலே வரும்.

விரலால் அமுக்கிப் பார்த்து மட்டும் தரத்தைத் தீர்மானிக்க முடியாது. அதற்குத்தான் சோதனை இருக்கிறது. ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் கை கால் காப்புகளுக்கு வகுத்த இஎன் 1621-1 என்ற தரநிலையை மலைச்சைக்கிள் கவசம் செய்பவர்களும் பயன்படுத்துகிறார்கள். கவசத்தை ஓர் இரும்புப் பட்டடையின் மேல் வைத்து, 5 கிலோ எடையை 50 ஜூல் ஆற்றலோடு அதன்மேல் விழவிடுகிறார்கள். பட்டடைக்குக் கீழே இருக்கும் கருவி, எவ்வளவு அடி கவசத்தைத் தாண்டி வந்தது என்று அளக்கிறது. சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் முதல் நிலை. 20 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் இரண்டாம் நிலை. இது இன்னும் நல்ல காப்பு. பல அடிகளின் சராசரி என்றாலும், ஒவ்வொரு அடியிலும் இங்கே அளப்பது அதன் உச்ச விசையை. அதனால்தான் எண்கள் நம் 10 மில்லிமீட்டர் கணக்கைவிடப் பெரிதாக இருக்கின்றன.

ஆகவே கடையில் தடிமனைத் தடவிப் பார்ப்பதைவிடச் சீட்டைப் படிப்பது பயன் தரும். மோட்டார் சைக்கிள் ஓட்டியின் சிறு படமும், 1621-1 என்ற எண்ணும், முழங்காலைக் குறிக்கும் கே எழுத்தும், 1 அல்லது 2 என்ற நிலை எண்ணும் நுரைத்துண்டிலோ உள்சீட்டிலோ இருக்கும். ஏ என்றால் காக்கும் பரப்பு சிறியது, பி என்றால் வழக்கமான பரப்பு. சிஇ என்ற முத்திரை மட்டும் இருந்து மற்ற எதுவும் இல்லையென்றால், அடி தாங்கும் அளவைப் பற்றி அது நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. நம் ஊருக்கு முக்கியமான இன்னொரு குறியும் உண்டு: டி எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. 40 பாகை செல்சியஸ் சூட்டிலும் சோதித்துத் தேறியது என்று அதற்குப் பொருள். இந்த நுரைகள் சூட்டில் இளகும் இயல்புடையவை. ஐரோப்பியக் குளிரில் ஓட்டுபவருக்கு இந்தக் குறி இரண்டாம் பட்சம். நண்பகல் வெயிலில் செம்மண் சாலையில் இருக்கும் நமக்கு அப்படி இல்லை.

வெளியே கெட்டியான பிளாஸ்டிக் ஓடு வைத்த கவசங்களும் உண்டு. அவற்றுக்கும் வேலை இருக்கிறது. கூரான பாறைமேல் விழும்போது ஓடு அடியைப் பரப்பி விடுகிறது, கல்லில் சிக்காமல் வழுக்கிப் போகவும் உதவுகிறது. லிஃப்டில் ஏறி மலைச்சரிவில் வேகமாக இறங்கும் பந்தயக்காரர்களுக்கு அது பொருத்தம். அவர்கள் மேல்நோக்கி அதிகம் மிதிப்பதில்லை. நாம் செய்வது வேறு. தோட்டச் சாலையிலும், பழைய ரப்பர் தோட்டமான கோலாலம்பூரின் புக்கிட் கியாராவைப் போன்ற வேர்ப்பாதைகளிலும், ஏறுவதும் இறங்குவதுமாகப் பயணம் முழுக்க மிதித்துக்கொண்டே இருக்கிறோம். ஓடில்லாத, முன்பக்கம் உரசல் தாங்கும் தடித்த துணி வைத்த, வளையும் நுரைக்கவசம் நமக்குப் போதும்.

இனி மிதிப்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். மிதிகட்டை கீழே இருக்கும்போது முழங்கால் ஏறத்தாழ 30 பாகை மடிந்திருக்கும். மேலே வரும்போது ஏறத்தாழ 110 பாகை. நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 4,200 முறை மடிந்து நீளும். மூன்று மணி நேரத்தில் 12,600 முறை. கவசத்தின் ஒரு தையல் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு மயிரிழை அளவு தோலை இழுத்தால்கூட, 12,600-ஆவது இழுப்பில் தோல் சிவந்து கன்றிப்போகும். கடையில் நின்றபடி போட்டுப் பார்க்கும் இரண்டு நிமிடத்தில் இது தெரியவே தெரியாது. சுகம் என்பதை நாம் இந்த மூன்றாம் மணி நேரத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

முழங்கால் மடியும்போது முன்பக்கத் தோல் நீள்கிறது, பின்பக்கம் மடிந்து நெருங்குகிறது. நல்ல கவசம் இதைத் தெரிந்துகொண்டு தைத்ததாக இருக்கும். மேசைமேல் வைத்தாலே அது நேராகப் படுக்காமல் வளைந்து உட்காரும். மிதிக்கும் காலின் வளைவு அதில் ஏற்கெனவே இருக்கும். முன்பக்க நுரையில் சில்லுக்கு ஒரு குழி இருக்கும். பின்மடிப்பில் மெல்லிய வலைத்துணியோ, துணியே இல்லாத திறப்போ இருக்கும். அங்கே தடித்த துணி இருந்தால் ஒவ்வொரு மடிப்பிலும் சுருண்டு அறுக்கும். உள்பக்கத்தைத் திருப்பி விரலை ஓட்டிப் பாருங்கள். தையல் மேடாகத் தட்டுப்பட்டால், குறிப்பாகச் சில்லின் இரண்டு ஓரங்களிலும் பின்மடிப்பிலும் தட்டுப்பட்டால், அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

அடுத்தது நழுவல். நழுவிக் கணுக்காலுக்கு வந்த கவசம் இரண்டாம் நிலையாக இருந்தாலும் முழங்காலுக்குப் பயனில்லை. நழுவலுக்கு முதல் காரணம் அளவு. சட்டை அளவை வைத்து எம், எல் என்று வாங்கிவிடுகிறோம். கவசத்துக்கு வேண்டியது தொடைச் சுற்றளவும் கெண்டைக்கால் சுற்றளவும். சில்லின் நடுவிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே, எத்தனை சென்டிமீட்டர் கீழே அளக்க வேண்டும் என்று ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் அட்டவணையில் போட்டிருப்பார். சிலர் 10 சென்டிமீட்டர் என்பார்கள், சிலர் 15 என்பார்கள். தையல்காரரின் நாடாவால், அவர்கள் சொன்ன இடத்தில், காலை லேசாக மடித்து அளக்க வேண்டும். பல ஆண்டுகளாக மிதிப்பவர்களுக்குத் தொடை பருத்தும் கெண்டைக்கால் மெலிந்தும் இருக்கலாம். அப்படியென்றால் மேலும் கீழும் தனித்தனியாக இறுக்கிக்கொள்ளும் பட்டையுள்ளதைத் தேடுங்கள்.

இரண்டாம் காரணம் பலர் நினைத்துப் பார்க்காதது. தொடையைப் பிடித்துக்கொள்வதற்காகக் கவசத்தின் மேல்விளிம்பில் உள்பக்கமாக சிலிக்கோன் கோடுகளோ புள்ளிகளோ ஒட்டியிருப்பார்கள். தோலில் எண்ணெய் இருந்தால் சிலிக்கோனுக்குப் பிடிமானம் கிடைக்காது. புறப்படும் முன் காலுக்குத் தேங்காய் எண்ணெயோ தைலமோ தேய்ப்பது நம்மில் பலருக்கு வழக்கம். வெயிலுக்குப் பூசும் களிம்பும் அப்படித்தான். தேய்க்க வேண்டியதை முந்தின இரவே தேய்த்துக்கொள்ளுங்கள். களிம்பு பூசுவதென்றால் கவசம் பிடிக்கும் பட்டையளவு இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பழைய கவசத்தின் சிலிக்கோனை ஈரத்துணியால் துடைத்தாலே பாதிப் பிடிமானம் திரும்ப வந்துவிடும்.

நழுவுகிறதே என்று பட்டையை இழுத்து இறுக்குவது ஆபத்து. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாக, ஓர் எலும்பு முனை துருத்திக்கொண்டிருப்பதைத் தொட்டுப் பாருங்கள். அதன் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு மிக அருகில் ஒரு நரம்பு போகிறது. பாதத்தை மேலே தூக்குவதற்கு அதுதான் ஆணை கொண்டுபோகிறது. கீழ்ப்பட்டை அந்த இடத்தில் வெகுநேரம் இறுக்கினால் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகும். மேலும் அழுத்தினால் பாதத்தைத் தூக்கவே வலு குறையலாம். போகும் வழியில் பாதம் மரத்தால் உடனே நிறுத்தித் தளர்த்துங்கள். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாகப் போய்வர வேண்டும். அந்த இறுக்கத்திலும் நழுவுகிறதென்றால் அளவு தவறு. மாற்ற வேண்டியது கவசத்தை.

நம் வெக்கையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. மலாக்காவில் பகல் 31, 32 பாகை இருப்பது வழக்கமான நாள். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வேர்வை சுரந்தாலும் காய்வதில்லை. ஈரத்தோலில் துணியின் உரசல் காய்ந்த தோலைவிடக் கூடுதல். ஆகவே சூடும் உரசலும் ஒன்றுக்கொன்று துணை போகின்றன. நியோப்ரீன் என்ற ரப்பர் துணியில் செய்த கவசங்கள் குளிர்நாட்டில் கதகதப்பாக இருக்கும். இங்கே அவை வேர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர்க்குருவும் படையும் வரும். பின்னல் துணியும் வலையும் சேர்ந்த, நுரைத்துண்டிலேயே காற்றுத் துளைகள் உள்ள கவசத்தைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், பின்பக்கத் துணி வழியாக மறுபக்கம் தெரிய வேண்டும்.

காலுறை போல மாட்டுவதா, பட்டை போட்டுக் கட்டுவதா என்ற கேள்வியும் வரும். காலுறை வகை தோலோடு ஒட்டி நிற்பதால் நீண்ட பயணத்தில் உரசல் குறைவு. ஆனால் மாட்டவும் கழற்றவும் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். சேற்றுக்கு நடுவில் அது தொல்லை. முழுதாகத் திறந்து மூடும் பட்டை வகையை நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்ளலாம். நம் பாதைகளில் நீண்ட ஏற்றங்கள் குறைவு. 1,276 மீட்டர் குனோங் லேடாங் அசாஹானுக்குப் பின்னால் உயர்ந்து நின்றாலும், நாம் மிதிப்பது அதன் அடிவாரத்து மேடு பள்ளங்களில்தான். ஆகவே புறப்பட்டதிலிருந்து திரும்பும்வரை கழற்றாமல் போடக்கூடிய காலுறை வகையே நமக்குப் பொதுவாகச் சரிப்படும்.

ஃபார்மசியில் விற்கும் நீ கார்டையும் இதையும் ஒன்றாக எண்ண வேண்டாம். அது மூட்டு வலிக்காரருக்கு இறுக்கத் துணை தரும் மீள்துணி. விழுந்தால் தாங்கும் நுரை அதில் இல்லை. முட்டிக்கவசமும் எல்லாவற்றையும் தடுக்காது. கால் முறுக்கி மூட்டு நார் கிழிவதை அதனால் நிறுத்த முடியாது. மிதிக்கும்போது சில்லுக்குப் பின்னால் வலி வந்தால் கவசத்தை மாற்றும் முன் இருக்கை உயரத்தைப் பாருங்கள். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடிந்து வலிக்கும். கவசத்தின் வேலை இரண்டே: அடியைக் குறைப்பது, தோலைக் காப்பது. அவற்றை அது நன்றாகச் செய்தால் போதும்.

இப்போது கடைக்குப் போகலாம். வழக்கமாகப் போடும் சைக்கிள் கால்சட்டையோடு போங்கள். கவசத்தை இரண்டு காலிலும் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, காலை மிதிப்பதுபோல் நூறு முறை மடக்கி நீட்டுங்கள். கடையில் சோதனை வண்டி இருந்தால் அதில் ஏறி மிதித்துப் பார்க்கக் கேளுங்கள். பிறகு எழுந்து குந்துங்கள், படி ஏறி இறங்குங்கள். கடைசியாக உள்ளங்கையைச் சில்லின் மேல் வைத்துக் கவசத்தைக் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் தள்ளுங்கள். விழும்போது தரை செய்வது அந்தத் தள்ளல்தான். கையால் தள்ளியதற்கே நுரை சில்லைவிட்டு விலகினால், தரையில் உரசும்போது நிச்சயம் விலகும்.

இரண்டாம் நிலைக் கவசம் ஒன்று, முதல் நிலைக் கவசம் ஒன்று, இரண்டும் இந்தச் சோதனையில் சமமாக நின்றால் இரண்டாம் நிலையை எடுங்கள். இரண்டாம் நிலை உரசி, முதல் நிலை உரசாமல் இருந்தால், தயங்காமல் முதல் நிலையை எடுங்கள். பைக்குள் இருக்கும் இரண்டாம் நிலை ஒரு முழங்காலையும் காப்பதில்லை. களைப்பு ஏறி, கவனம் குறைந்து, கைகள் தளர்ந்த நேரத்தில்தான் விழுவதற்கு வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் கவசம் காலில் இருக்க வேண்டும், இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். சுகத்தைக் காப்பின் ஒரு பகுதியாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

வாங்கியதைப் பேணுவதும் எளிது. வீட்டுக்கு வந்ததும் நுரைத்துண்டைக் கழற்றிவிட்டு, துணியைக் கையால் அலசி நிழலில் காயப்போடுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம். அது வேர்வையை வெளியேற்றும் துணியின் திறனைக் கெடுக்கும். நுரையை ஈரத்துணியால் துடைத்தால் போதும். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டிக்குள் கவசத்தைப் போட்டு வைக்காதீர்கள். அங்கே சூடு 40 பாகையை எளிதில் தாண்டும். பலமாக விழுந்த பிறகு நுரையை வெளியே எடுத்து வளைத்துப் பாருங்கள். விரிசலோ, மேலெழாத பள்ளமோ, கெட்டிப்பட்ட இடமோ இருந்தால் அதன் காலம் முடிந்தது.

புதுக் கவசத்தோடு முதல் நாளே அசாஹான் வரை போக வேண்டாம். பூங்காவில் ஒரு மணி நேரம் மிதித்துவிட்டு வந்து, கவசத்தைக் கழற்றி, குளிப்பதற்கு முன் காலைப் பாருங்கள். தோலில் இருக்கும் தடங்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடும். தொடையைச் சுற்றிப் பள்ளமான வளையம் பதிந்து, அரை மணி நேரத்திலும் மறையவில்லையென்றால் மேல்விளிம்பு இறுக்கம். பின்மடிப்பில் குறுக்குக் கோடு சிவந்திருந்தால் துணி சுருண்டிருக்கிறது. கவசத்தைக் கொஞ்சம் மேலேற்றி மாட்டிப் பாருங்கள். சில்லின் ஒரு பக்கம் மட்டும் சிவந்திருந்தால் இடது வலது மாறியிருக்கலாம், அல்லது நுரை பைக்குள் கோணலாக உட்கார்ந்திருக்கலாம். லேசான, ஒரே சீரான நெசவுத் தடம் மட்டும் இருந்து, அதுவும் சற்று நேரத்தில் மறைந்துவிட்டால், உங்கள் காலுக்கு உரிய கவசம் கிடைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு நீண்ட பாதைக்குப் போகலாம்.